மூட்டமும் கலவனும்

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தாலும், எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரப் பத்து நாள்கூட ஆகும். அதுவரை அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். ஆடுதுறைக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பக்கத்து வயல்காரரின் போர்செட்டில் மணிக்கணக்குக்குத் தண்ணீர் வாங்கி, நாற்றங்காலை மட்டும் உழுது சேறாக்கிவிடுவார். பிறகு பத்தாயத்தில் தனியாக வைத்திருக்கும் விதை நெல்லை இறக்குவார். குறுவைக்கு ஆடுதுறை 36. ஊரில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. 'முப்பத்தாறு போட்டிருக்கேன்' என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

சாக்கை முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். ஊறினால் நெல் பருக்கும். முட்ட முட்டக் கட்டினால் நடுவில் இருக்கும் நெல்லுக்குத் தண்ணீர் எட்டாது. குளத்தில் ஒரு பகல் ஒரு இரவு கிடந்த பிறகு சாக்கைத் தூக்கி, தண்ணீர் வடியவிட்டு, மாட்டுக்கொட்டகை ஓரத்தில் வைக்கோல் பரப்பி அதன்மேல் கிடத்துவார்கள். மேலே ஈரச்சாக்கு, அதன்மேல் வைக்கோல், அதற்கும் மேல் கனத்துக்குப் பழைய அம்மிக்கல். இதுதான் மூட்டம். மறுநாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிடுவார். "பாப்பா, கைய உட்டுப் பாரு." என் கை சின்னது, சாக்கின் தையலைப் பிரிக்காமல் உள்ளே போகும். உள்ளே இருக்கும் சூடு முதல் தடவை என்னைப் பயமுறுத்தியது. வெயிலில் வைக்காத, அடுப்பில் ஏற்றாத நெல் எப்படிச் சுடும்?

"மூச்சு விடுதுல்ல, அதான் சுடுது" என்பார் அப்பா. எட்டாவது வரை படித்தவர். அவர் சொன்னது சரிதான் என்று எனக்கு உறுதியானது பல வருஷம் கழித்து. ஊறிய நெல் மாவுச்சத்தை எரிக்கிறது. எரிப்பதில் ஒரு பங்கு வெப்பமாக வெளியேறுகிறது. சூடு கூடினால் மூட்டத்தைப் பிரித்துத் தண்ணீர் தெளித்துப் புரட்டிப்போட வேண்டும். கீழத்தெருவில் ஒருவர் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒரு நாள் தாமதமாக வந்து பிரித்தார். கள் வாசனை தெரு முழுக்க அடித்தது. விதை வெந்துவிட்டது. அந்த வருஷம் அவர் நாற்றை விலைக்கு வாங்கி நட்டார்.

கல்லூரிக்குக் கும்பகோணம் போனேன், தாவரவியல். இரண்டாம் ஆண்டில் வெங்காய வேர்முனைச் சோதனை எல்லோரும் செய்வது. வெங்காயத்தைத் தண்ணீர்க் குவளையின் வாயில் உட்காரவைத்து, வேர் விட்டதும் காலையில் நுனியை வெட்டி, அசிட்டோகார்மின் சாயத்தில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, கண்ணாடித் துண்டுக்கு அடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் குரோமோசோம்களைத் தேட வேண்டும். நடுவில் வரிசை கட்டி நிற்பவை, இரு பக்கமும் இழுபடுபவை என்று கிடைத்தால் படம் வரைந்து மதிப்பெண் வாங்கலாம். பெரும்பாலான செல்களில் அப்படி எதுவும் இருக்காது. உருண்டையாக, சிவப்பாக, சும்மா கிடக்கும் உட்கரு மட்டும் தெரியும். அவற்றைத் தள்ளிவிட்டு நகர்த்திக்கொண்டே போவோம்.

எங்களுக்குப் பாடம் எடுத்த அம்மா ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று, "அந்தச் சும்மா கிடக்கறதுலதாம்மா வேலையே நடக்குது" என்றார். குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும்போது டி.என்.ஏ. இரட்டிப்பு முடிந்துபோயிருக்கும், நாம் பார்ப்பது முடிந்த சொத்தைப் பாகம் பிரிப்பதை மட்டுமே என்று விளக்கினார். நகலெடுப்பு அதற்கு முன்பே, அந்த உருண்டைக்குள், யாரும் படம் வரையாத நேரத்தில் நடந்துவிடுகிறது. என் மனம் உடனே மாட்டுக்கொட்டகை ஓரத்துச் சாக்குக்குப் போனது.

அந்த அம்மாதான் டெய்லரின் அவரை வேர் சோதனையையும் சொன்னார். டி.என்.ஏ. நகலாகும்போது பழைய இழை ஒன்றும் புது இழை ஒன்றும் சேர்ந்து புது ஜோடி ஆகிறது என்பதற்குச் சான்றாக, பாடப்புத்தகங்கள் 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் பாக்டீரியாவை வைத்துச் செய்த சோதனையைத்தான் பெரிதாகப் போடும். அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1957-இல், ஹெர்பர்ட் டெய்லரும் அவர் கூட்டாளிகளும் ஃபாபா அவரையின் வேர்முனையில் குரோமோசோம் அளவில் இதையே காட்டிவிட்டார்கள். அந்த அவரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: பன்னிரண்டே குரோமோசோம், ஒவ்வொன்றும் பெரியது. டி.என்.ஏ.வின் மூலப்பொருள்களில் ஒன்றான தைமிடினில் கதிரியக்கம் ஏற்றி, அந்தக் கரைசலில் வேரை வளரவிட்டு, பிறகு சாதாரணக் கரைசலுக்கு மாற்றி, குரோமோசோம்களின் மேல் படச்சுருள் பூச்சைப் பரப்பி வைத்தார்கள். கதிர் எங்கே இருக்கிறதோ அங்கே கரும்புள்ளி விழும். முதல் சுற்றில் இரண்டு பாதியிலும் புள்ளிகள். அடுத்த சுற்றில் ஒரு பாதியில் மட்டும்.

எது முதல் சுற்று, எது அடுத்தது என்று எப்படித் தெரியும்? அதற்காக வேரைக் கோல்சிசின் கலந்த கரைசலில் வைத்தார்கள். கோல்சிசின் இருந்தால் செல் டி.என்.ஏ.வை நகலெடுக்கும், ஆனால் நகல்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் இழைகள் உருவாகாது. பிரியாமல் ஒரே செல்லுக்குள் கிடக்கும் குரோமோசோம்களை எண்ணினால் எத்தனை முறை நகலாகியிருக்கிறது என்று கணக்கு கிடைத்துவிடும்.

இந்தக் கோல்சிசின் எங்கள் குடும்பத்துக்கு அந்நியமில்லை. அத்தையைக் கட்டிக்கொடுத்தது தலைஞாயிற்றில். அங்கிருந்து வேதாரண்யம் பக்கம் போனால் மணல் நிலத்தில் கண்வலிக்கிழங்கு பயிர் செய்வார்கள். செங்காந்தள் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் விஷம்தான் கோல்சிசின். மூட்டுவாத மருந்துக்காக விதையை வாங்கிப்போவார்கள். வேலியோரம் தீப்பிடித்தாற்போல் பூத்திருக்கும் அதைத் தொடக்கூடாது என்று அத்தை விரட்டுவாள். 'தொட்டா கண்ணு வலிக்கும்' என்பது சிறுபிள்ளைகளுக்கான மிரட்டல். தின்றால் உயிரே போகும். செல்லைப் பாதி வழியில் நிறுத்தும் ஒரு பொருள் மனிதரையும் நிறுத்தாதா என்ன?

நகலெடுப்பில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தேன். புரிந்தது பிறகுதான். முறுக்கிய இரண்டு இழைகளை ஹெலிகேஸ் என்னும் நொதி பிரித்துக்கொண்டே போகிறது. பிரிக்கப் பிரிக்க முன்னால் இருக்கும் பகுதியில் முறுக்கு ஏறும். டோபோஐசோமரேஸ் அதை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டிவிடும். பாலிமரேஸ்தான் எழுத்துக்கு எழுத்து சேர்ப்பது, ஆனால் அதற்குச் சுயமாகத் தொடங்கத் தெரியாது. பிரைமேஸ் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. துண்டைத் தொடக்கமாகப் போட்டுக்கொடுக்க வேண்டும். ஆர்தர் கார்ன்பெர்க் 1956-இல் பாக்டீரியாவில் பாலிமரேஸைக் கண்டுபிடித்தபோது ஒரே நொதியில் எல்லாம் முடிந்துவிடும் என்று பலர் நினைத்திருக்க வேண்டும். 1959-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்குத் தீராத ஒரு சிக்கல் இருந்தது.

பாலிமரேஸ் ஒரு திசையில் மட்டுமே எழுதும். டி.என்.ஏ.வின் இரு இழைகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஹெலிகேஸ் பிரித்துக்கொண்டு போகும் திசையிலேயே ஒரு இழையின் நகலை நிறுத்தாமல் எழுதிவிடலாம். மற்ற இழையில் எப்படி? எங்கள் ஊர் நடவு ஆட்களை நினைத்தால் இது சுலபமாகப் பிடிபடும். அவர்கள் பின்னால் நகர்ந்தபடியேதான் நடுவார்கள். முன்னால் நகர்ந்தால் நட்டதை மிதித்துவிடுவோம். வயல் ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேறாகிக்கொண்டு வருகிறது, ஆனால் அவர்கள் எதிர்ப்பக்கமாகத்தான் நகர முடியும் என்றால், சேறான மட்டும் முன்னே போய் நின்று, பின்னால் நட்டுக்கொண்டே வந்து, பழைய நடவு தொடங்கும் இடத்தில் முடித்து, மறுபடி முன்னே ஓட வேண்டும். துண்டு துண்டாகத்தான் முடியும். இரண்டாம் இழை அப்படியே துண்டுகளாக எழுதப்படுகிறது. லைகேஸ் என்னும் நொதி அவற்றை ஒட்டி ஒரே இழையாக்குகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ரெய்ஜி ஒகாசாகியும் அவர் மனைவி சுனேகோவும். 1960-களின் பிற்பாதியில். துண்டுகளுக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. ரெய்ஜி ஹிரோஷிமாக்காரர். அணுகுண்டு விழுந்த 1945-இல் பதினான்கு வயதுப் பையன். 1975-இல், நாற்பத்து நான்கு வயதில், ரத்தப்புற்றுநோயில் போய்விட்டார். கதிர்வீச்சு டி.என்.ஏ.வை உடைக்கும். உடைந்ததைச் செல் ஒட்டவைக்கப் பார்க்கும், ஒட்டும்போது தவறும். தேர்வுக்காக 'ஒகாசாகி துண்டுகள்' என்று இரண்டு மதிப்பெண் பதில் எழுதிய பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். சுனேகோ தொடர்ந்து வேலை செய்து, அந்தத் துண்டுகளின் தொடக்கத்தில் ஆர்.என்.ஏ. இருப்பதை உறுதிப்படுத்தினார்.

நெல்லின் முழு மரபுத்தொகுதியை 2005-இல் வெளியிட்டார்கள். பல நாடுகள் பங்குபோட்டுக்கொண்டு படித்த அதில், பதினோராம் குரோமோசோமின் ஒரு பகுதி டெல்லிக்காரர்கள் கையில் இருந்தது. மொத்தம் சுமார் 38.9 கோடி எழுத்து, 12 குரோமோசோம்களில். அது வந்த புதிதில் ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு குரோமோசோமுக்குச் சராசரி மூன்றே கால் கோடி எழுத்து. பாக்டீரியாவின் பாலிமரேஸ் வினாடிக்கு ஆயிரம் எழுத்துகூட எழுதும். செடிகளிலும் நம்மிலும் அவ்வளவு வேகம் கிடையாது. தாராளமாக ஐம்பது என்று வைத்து, ஒரே இடத்தில் தொடங்கி இரு பக்கமும் போனால்கூட ஒரு குரோமோசோம் முடிய நான்கு நாள் ஆகிவிடும். மூட்டமே ஒரு நாள்தானே? அதனால்தான் செல் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு குரோமோசோமிலும் ஏராளமான இடங்களில் ஒரே சமயத்தில் இழை பிரிகிறது.

சாக்குக்குள் நடப்பதன் வரிசையும் அப்போதுதான் விளங்கிற்று. காய்ந்த விதையின் கருவில் இருக்கும் செல்கள் பெரும்பாலும் நகலெடுப்புக்கு முந்தைய கட்டத்தில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. பத்தாயத்தில் கிடந்த மாதங்களில் டி.என்.ஏ. அங்கங்கே உடைந்திருக்கும். தண்ணீர் ஏறியதும் முதல் வேலை பழுதுபார்ப்பது. அதிலும் லைகேஸுக்கு முக்கியப் பங்கு. அது முடிந்த பிறகே முழு நகலெடுப்பு. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், லைகேஸ் வகைகளில் ஒன்றை இழந்த அராபிடாப்சிஸ் என்னும் செடியின் விதைகள் தாமதமாக முளைத்தன. பழசானால் முளைப்புத்திறனும் சீக்கிரம் போனது. 'போன வருஷத்து வெத, ஒரு நாள் கூட ஊறட்டும்' என்று தாத்தா சொல்வது வழக்கம். அப்பா அதை வெறும் பழக்கமாகத்தான் கடைப்பிடித்தார். நான் ஆய்வுக்கட்டுரையை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னபோது, "இதுக்கு இங்கிலாந்து வரைக்கும் போவணுமா" என்றார்.

இனிக் கலவன். கதிர் வந்த பிறகு வயலில் இறங்கி, ரகத்தோடு சேராத குத்துகளைப் பிடுங்குவதை அப்பா வேறு யாரிடமும் விட மாட்டார். எல்லா வயலிலும் இல்லை. விதைக்கு என்று ஒதுக்கிய இரண்டு மா நிலத்தில் மட்டும். ஒரு முழம் உயர்ந்து நிற்பது, மீசை வைத்த நெல், முன்னாலேயே பூத்தது, தோகை வேறு நிறமாக இருப்பது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது இறங்கினால் நன்றாகத் தெரியும். நானும் பின்னால் போவேன். "அந்தா, நெட்டையா நிக்குது பாரு" என்று கைகாட்டுவார்; நான் போய்ப் பிடுங்குவேன். வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டால் மாட்டுக்கு ஆகும். கதிரை மட்டும் ஒடித்தால் மறுபடி தூர் வெடித்துப் பூத்துவிடும் என்பதால் வேரோடு என்பது கட்டாயம்.

பின்னால் கோவையில் ஒரு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கலவன்களெல்லாம் டி.என்.ஏ. நகலில் நேர்ந்த பிழைகள் என்று கற்பனை செய்துகொள்வது எனக்குச் சுகமாக இருந்தது. உண்மை அவ்வளவு கவர்ச்சியாக இல்லை. பெரும்பாலான கலவன் களத்தில் கலந்தது, முந்தைய போகத்தில் சிந்தி முளைத்தது, அறுவடை இயந்திரம் அடுத்த ஊரிலிருந்து சுமந்து வந்தது. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்றாலும் அரிதாகப் பக்கத்து ரகத்தின் மகரந்தம் ஏறுவதும் உண்டு. நகல்பிழை இவற்றுக்கெல்லாம் கடைசியில்தான் நிற்கும்.

பிழை ஏன் அவ்வளவு அரிது? பாலிமரேஸ் சேர்க்கும் எழுத்துகளில் லட்சத்துக்கு ஒன்று போல் தப்பாக விழும். தப்பு விழுந்தால் இழையின் நுனி சரியாகப் பொருந்தாது. பாலிமரேஸ் நின்று, பின்வாங்கி, அந்த எழுத்தை வெட்டியெறிந்துவிட்டு மறுபடி சேர்க்கும். இதில் தப்பு கோடிக்கு ஒன்றாகக் குறைகிறது. அதையும் தாண்டியவற்றைப் பிடிக்கத் தனிப் புரதக் கூட்டம் ஒன்று புது இழையை மேய்ந்துகொண்டே வருகிறது. அந்தச் சீர்திருத்தத்தைத் துலக்கியதற்காகத்தான் பால் மோட்ரிச்சுக்கு 2015-இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. எல்லாம் முடிந்தபின் மிஞ்சுவது நூறு கோடி எழுத்துக்கு ஒன்று, சிலசமயம் அதற்கும் கீழே. நெல்லின் அளவுக்கு இது ஒரு செல் பிரிவதில் ஒரு பிழைகூட இல்லை என்றே சொல்லலாம். ஆனால் ஒரு விதை முளைத்து, வளர்ந்து, பூத்து, மறுபடி விதையாவதற்குள் செல்கள் எத்தனையோ முறை பிரிகின்றன. ஒரு ஏக்கரிலோ லட்சக்கணக்கான பயிர். ஆக வயல் முழுக்க புது எழுத்துகள் இருக்கத்தான் செய்கின்றன. பெரும்பாலானவை எதையும் மாற்றாத இடத்தில் விழுவதால் கண்ணுக்கு வராது. மாற்றும் இடத்தில் விழுவதில் முக்கால்வாசி கெடுதல். மிச்சம் ஏதோ ஒன்று.

அந்த ஏதோ ஒன்றுக்கு எங்கள் மாநிலத்திலேயே பேர்போன உதாரணம் உண்டு. கோயம்புத்தூரில் 1912-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சென்னை மாகாண அரசின் பொருளாதாரத் தாவரவியலாளராக இருந்த எஃப்.ஆர். பார்னெல் அங்கே நெல் ரகங்களை வகைபிரித்துக்கொண்டிருந்தார். கோணமணி என்ற ரகத்துக்குள் மற்றவற்றோடு சேராத, சன்ன அரிசியுள்ள பயிர் ஒன்று இருந்தது. தானாகத் தோன்றிய திரிபு. எந்த உழவரும் பிடுங்கி வரப்பில் போட்டிருக்கக்கூடிய கலவன். அதைத் தனியே எடுத்துப் பெருக்கி 1921-இல் வெளியிட்டார்கள். பார்னெலின் ஆங்கிலப் பதவிப்பெயரின் முதலெழுத்துகளே அதற்குப் பெயரானது: ஜி.இ.பி. 24. சாப்பிட்டவர்களுக்கு அது கிச்சிலிச் சம்பா.

அதோடு நின்றிருந்தால் நல்ல அரிசி ஒன்று கிடைத்த கதையாகவே முடிந்திருக்கும். ஜப்பானிய நோரின் 10-உடன் ஜி.இ.பி. 24-ஐச் சேர்த்துப் பிறந்தது ஆடுதுறை 27. 1960-களின் நடுவில், தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சாவூரில் நடந்துகொண்டிருந்த காலத்தில், குறுவைக்கு வந்து வயல்களை நிறைத்த ரகம். தாத்தா அதைப் பற்றி ஒரு மாதிரி கோபத்தோடுதான் பேசுவார். அரிசி ருசி பத்தாது என்று. இன்னொரு பக்கம், ஜி.இ.பி. 24-இன் பிள்ளை டி.கே.எம். 6. டி.கே.எம். 6 வழியாகப் பிறந்தது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.ஆர். 20. ஐ.ஆர். 20-ஐயும் கேரளத்தின் திரிவேணியையும் சேர்த்து ஆடுதுறையில் உருவாக்கி 1980-இல் வெளியிட்டது ஆடுதுறை 36. எங்கள் மூட்டத்துக்குள் கிடந்த அதே முப்பத்தாறு.

இந்த வம்சாவளியை முதல்முறை வரைந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்பா எந்த நெல்லின் தூய்மைக்காகச் சேற்றில் இறங்கிக் கலவன் பறித்தாரோ, அந்த நெல்லின் மூதாதையே ஒரு கலவன். முப்பத்தாறின் குட்டை உயரமும் ஒரு பிழைதான். தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற நெல்லில், தண்டை நீட்டும் ஜிப்ரலினைத் தயாரிக்கும் நொதிக்கான மரபணுவில் 383 எழுத்து காணாமல் போயிருக்கிறது. எங்கே காணாமல் போனது என்பதை 2002-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அந்தக் குறை ஐ.ஆர். 8 வழியாகவும் மற்ற ரகங்கள் வழியாகவும் ஆசியா முழுக்கப் பரவி, உரம் போட்டால் சாயாத பயிரைக் கொடுத்துவிட்டிருந்தது.

அதற்காக அப்பா கலவனை விட்டுவைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நூறு கலவனை விட்டுவைத்தால் விதை கெடும், மில்லுக்காரன் விலையைக் குறைப்பான். ஆராய்ச்சி நிலையத்துக்கு அடுத்த மாதம் வட்டி கட்ட வேண்டியதில்லை. கலவனைக் காத்திருந்து பார்க்க அவர்களால் முடியும், எங்களால் முடியாது. வித்தியாசம் அறிவில் இல்லை, பொறுக்க முடிகிற வசதியில் இருக்கிறது.

நான் ஆய்வகத்தில் சேர்ந்தது கோவையில், மின்வெட்டுக் காலத்தில். நெல் நாற்றின் இலையில் நகக்கண் அளவு கிள்ளி, திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் குழவியில் அரைத்து, டி.என்.ஏ. பிரித்தெடுத்து, நமக்கு வேண்டிய ஒரு சின்னப் பகுதியை மட்டும் பெருக்கிப் பார்ப்பது என் வேலை. பி.சி.ஆர். என்னும் அந்த முறையை கேரி முல்லிஸ் 1983-இல் யோசித்தார். செல்லில் ஏழெட்டு நொதிகள் சேர்ந்து செய்யும் காரியத்தைக் குழாயில் ஒரே நொதியை வைத்து முடித்துவிடுவார்கள். ஹெலிகேஸுக்குப் பதில் 94 டிகிரிச் சூடு. இழைகள் தாமாகப் பிரியும். பிரைமேஸுக்குப் பதில் விலைக்கு வாங்கிய தொடக்கத் துண்டுகள். இரண்டு இழைகளும் முழுதாகப் பிரிந்துவிடுவதால் ஒவ்வொன்றையும் ஒரே ஓட்டமாக எழுதிவிடலாம், லைகேஸுக்கு வேலையே இல்லை. மிச்சம் பாலிமரேஸ் ஒன்றுதான். அதுவும் சாதாரணப் பாலிமரேஸ் 94 டிகிரியில் வெந்துவிடும், கீழத்தெருக்காரரின் விதையைவிட வேகமாக. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக்கும் அவர் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் 1960-களில் கண்ட ஒரு பாக்டீரியாவின் பாலிமரேஸ் அந்தச் சூட்டைத் தாங்கும். அதன் பெயர் டாக். ஒரு சுற்றுக்கு இரட்டிப்பு என்றால் முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். டாக் ஒரு விஷயத்தில் மட்டம்: பின்வாங்கித் திருத்தும் பழக்கம் அதற்கு இல்லை. நம் வேலைக்கு அது போதும். விதைக்கு அது போதாது. இருபதாம் சுற்றில் மின்சாரம் போய், யு.பி.எஸ்.ஸும் கைவிட்டால் மொத்தமும் குப்பைதான். மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து அதற்குத் தக்கபடி குழாய் ஏற்றினோம்.

நாங்கள் தேடிய பகுதிகளில் ஒன்று சப்-1. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைமடையில் சம்பா மூழ்குவது எல்லா வருஷமும் பேப்பரில் வரும் செய்தி. மூழ்கிய நெல் மூச்சுமுட்டி, தண்ணீருக்கு மேலே தலையெடுக்கத் தண்டை நீட்டும். சேமித்த சர்க்கரை அதிலேயே தீர்ந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் நூல் மாதிரி மடிந்து அழுகும். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நெல் வேறு மாதிரி: மூழ்கினால் நீளாமல் அடங்கிக் கிடக்கும், வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். இரண்டு வாரம்வரை தாங்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை கெனோங் சூ, பமேலா ரோனால்ட், டேவிட் மக்கில் ஆகியோரின் குழு 2006-இல் கண்டறிந்தது. எஃப்.ஆர். 13ஏ-வின் விளைச்சலும் அரிசியும் நம்மூருக்கு ஆகாது. எனவே நம்முடைய ரகத்தோடு சேர்த்து, பிறந்த பிள்ளையை மறுபடி நம் ரகத்தோடேயே சேர்த்து, இப்படித் தலைமுறை தலைமுறையாக மற்றதையெல்லாம் கழித்து, அந்த ஒரு துண்டை மட்டும் தங்கவைக்க வேண்டும். எந்த நாற்றில் அது தங்கியிருக்கிறது என்பதை மூழ்கடித்துப் பார்க்காமல் இலையைக் கிள்ளியே சொல்லத்தான் பி.சி.ஆர். அப்படி வந்ததுதான் சி.ஆர். 1009 சப்-1. சி.ஆர். 1009 என்பது கட்டாக்கிலிருந்து வந்து இங்கே பொன்மணி என்று பேரெடுத்த நீண்டகால நெல். கடைமடைக்காரர்களுக்குப் பழகிய ரகம் என்பதால் புதுப் பயிர் என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை.

தலைஞாயிற்று மாமா அதைப் போட்டார். கார்த்திகையில் பத்து நாள் தண்ணீர் நின்றது. பக்கத்து வயல்கள் மறுநடவு கேட்டன; மாமாவின் வயல் மஞ்சளித்துப்போய், பிறகு பச்சை கட்டியது. விளைச்சல் குறைந்தது, ஆனால் அறுத்தார். அறுப்புக்கு முன், மார்கழி விடுமுறையில் நான் போயிருந்தபோது முதல் கேள்வியே விதையைப் பற்றித்தான்.

"பாப்பா, இந்தக் கொணம் அடுத்த வருஷம் இருக்குமா? விதைச்சு விதைச்சு தேஞ்சு போயிடாதா?"

போகாது மாமா என்றேன். ஒவ்வொரு விதையிலும் அந்தத் துண்டு இரண்டு பக்கமும் இருக்கிறது. நகலெடுக்கும்போது நெல் அதைத் தவறவிட உங்கள் ஆயுளில் வாய்ப்பில்லை.

"அப்ப டிப்போவுல ஏன் மூணு வருஷத்துக்கு ஒருக்க வெதைய மாத்துன்னு சொல்றான்?"

கலப்புக்காக மாமா, என்று களம், சாக்கு, இயந்திரம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்ததில் கோயம்புத்தூர்க் கலவனின் கதையும் வந்துவிட்டது. மாமா ரசித்துக் கேட்டார். மறுநாள் காலை, மேட்டுப்பக்கம் விதைக்கென்று விட்டிருந்த ஒரு மாவில் இருவரும் இறங்கினோம். நடுவயலில் ஒரு குத்து மற்றவற்றுக்கு முன்னால் பூத்து, ஒரு சாண் உயர்ந்து நின்றது. மாமா கைவைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிடுங்கட்டுமா, வைக்கட்டுமா?"

குனிந்து கதிரைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்து வயலில் வெள்ளைப்பொன்னி.

"பிடுங்குங்க மாமா. பொன்னிதான், கலந்திருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு. நாளைக்கு ஆடுதுறைக்காரன் வந்து கேட்டா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிக்கொண்டே வேரோடு இழுத்தார்.